மென்பொருளைப் பயனரோடு சோதிப்பதும் பயனரோடு வடிவமைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மென்பொருள் எழுதுபவர்கள், திரை வடிவமைப்பவர்கள், மேலே உட்கார்ந்துகொண்டு 'எப்போது முடியும்?' என்று கேட்பவர்கள், இந்த மூன்று தரப்பும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பதில்களில் பாதி இந்தத் துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்டது. மீதி என் அனுபவத்தில் பட்டது. அதை ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

'யூசபிலிட்டி' (பயன்பாட்டு எளிமை) என்றால் திரை அழகாக இருப்பதுதானே?

அழகு உதவும், ஆனால் அது வேறு கணக்கு. ஐ.எஸ்.ஓ. 9241-11 என்ற சர்வதேசத் தரநிலை (1998-இல் வந்தது, 2018-இல் திருத்தப்பட்டது) மூன்றைப் பார்க்கச் சொல்கிறது: வந்த வேலை முடிந்ததா, முடிக்க எவ்வளவு நேரமும் உழைப்பும் போனது, முடித்தவருக்கு மனநிறைவு இருந்ததா. கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கிறது. யார், எந்த வேலைக்காக, எந்தச் சூழலில் பயன்படுத்துகிறார் என்று சொல்லாமல் இந்த மூன்றையும் அளக்க முடியாது.

இந்த நிபந்தனையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். தினமும் 200 பில் போடுகிறவருக்கு, குறுக்குவிசைகள் நிறைந்த, பார்க்க அடைசலான திரை எளிது. வருடத்துக்கு ஒருமுறை வருகிறவருக்கு அதே திரை காடு. 'இந்த மென்பொருள் எளிது' என்று யாராவது சொன்னால், 'யாருக்கு?' என்று கேளுங்கள்.

எங்கள் குழுவே பயன்படுத்திப் பார்த்தது. நன்றாகத்தான் இருக்கிறது. அது போதாதா?

போதாது. எந்தப் பட்டன் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தவர்கள் நீங்கள். தெரிந்ததைத் தெரியாததுபோல் பார்க்க மனிதக் கண்ணால் ஆகாது.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1980-களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனம் லிசா என்ற கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தது. உரையாடல் பெட்டியில் 'டூ இட்' என்று ஒரு பட்டன் வைத்திருந்தார்கள். 'செய்' என்று பொருள். சோதனைக்கு வந்தவர்கள் அந்த இடத்தில் தயங்கினார்கள். ஒருவர் எரிச்சலாகவே கேட்டுவிட்டார், 'நான் ஒன்றும் மண்டு இல்லை, இது ஏன் என்னை மண்டு என்கிறது?' என்று. அந்த எழுத்துருவில் இரண்டு சொற்களுக்கு நடுவே இருந்த இடைவெளி மெல்லியது. ஆங்கிலப் பெரிய 'ஐ' எழுத்து சின்ன 'எல்' போலவே தெரிந்தது. சேர்த்துப் படித்தால் 'டோல்ட்', அதாவது முட்டாள். அதன் பிறகுதான் அந்த இடத்துக்கு 'ஓகே' வந்தது. அந்தப் பட்டனைச் செய்தவர்கள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

ஒரு சர்வே அனுப்பிக் கேட்டுவிட்டால் வேலை முடிந்ததே?

சர்வே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது வாய் சொல்வதை எழுதிக்கொள்ளும். கை செய்வதைப் பார்க்காது.

ஒருமுறை கையிருப்புப் பதிவு மென்பொருள் ஒன்றைச் சோதித்தேன். பல வருடங்கள் காகிதப் பேரேட்டில் எழுதிப் பழகிய அம்மா ஒருவர் உட்கார்ந்தார். நிதானமாக 14 வரிகள் உள்ளிட்டார். முந்தைய பக்கத்தில் ஒரு எண்ணைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. உலாவியின் பின்னோக்கு அம்புக்குறியை அழுத்தினார். திரும்பி வந்தபோது 14 வரியும் காலி. எங்கள் மென்பொருள் எதையும் சேமித்து வைக்கவில்லை, எச்சரிக்கவும் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "என் தப்புதான் தம்பி, அவசரப்பட்டுட்டேன்" என்றார். மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

முடிந்ததும் கேள்வித்தாளைக் கொடுத்தேன். 'பயன்படுத்த எளிதாக இருந்ததா?' என்பதற்கு 5-க்கு 5 போட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. மென்பொருளில் எது தவறினாலும் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வது பயனர்களின் பழக்கம். எதிரே உட்கார்ந்திருப்பவன் மனம் நோகக்கூடாது என்ற மரியாதையும் அதில் சேர்ந்துகொள்கிறது. அந்தக் கேள்வித்தாளை மட்டும் பார்த்திருந்தால் நாங்கள் இனிப்பு வாங்கிக் கொண்டாடியிருப்போம்.

சரி, பயனரை உட்கார வைத்துச் சோதிப்பது எப்படி?

மேடை பெரிதாக வேண்டாம். ஒரு அறை, ஒரு பயனர், பக்கத்தில் பேசுவதற்கு ஒருவர், குறிப்பெடுக்க இன்னொருவர். ஆளுக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். அதற்குமேல் போனால் களைப்பைத்தான் அளப்பீர்கள்.

கவனம் கேட்பது வேலையை எழுதும் விதம். 'வடிகட்டி மெனுவைத் திறந்து தேதியைத் தேர்ந்தெடுங்கள்' என்று எழுதினால் விடையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். 'போன வாரம் வந்த சரக்கில் உடைந்தவை எத்தனை என்று உங்கள் மேலாளர் கேட்கிறார்' என்று எழுதுங்கள். திரையில் இருக்கும் சொல் எதுவும் வேலைத்தாளில் வரக்கூடாது. 'வடிகட்டி' என்று திரையில் இருந்து தாளிலும் இருந்தால், பயனர் ஒரே சொல்லைத் தேடிப் பொருத்துவார், யோசிக்கமாட்டார்.

பிறகு, மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். இந்த முறைக்கு உளவியலில் எரிக்சன், சைமன் இருவரும் 1980-களில் அடித்தளம் போட்டார்கள். ஐ.பி.எம். ஆய்வாளர் கிளேட்டன் லூயிஸ் 1982-இல் இதை இடைமுகச் சோதனைக்குக் கொண்டுவந்தார். தொடங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் பழக்குங்கள்: சம்பந்தமே இல்லாத ஒன்றை, ஒரு கடிகாரத்தில் அலாரம் வைப்பதை, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லலாம். நடுவில் அமைதியாகிவிட்டால் 'என்ன யோசிக்கிறீர்கள்?' என்பது மட்டும் போதும். 'ஏன் அதை அழுத்தினீர்கள்?' என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் மனிதர்கள் காரணம் தயாரித்துக் கொடுப்பார்கள்.

முதல் வரியாக இதைச் சொல்லிவிடுங்கள்: 'நாங்கள் சோதிப்பது மென்பொருளை, உங்களை அல்ல.' எல்லோரும் சொல்லும் வசனம்தான், யாரும் முழுதாக நம்புவதில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். 'இதைச் செய்தது நான் இல்லை' என்பதையும் சேர்த்துக்கொண்டால் குறை சொல்லும் வாய் இன்னும் கொஞ்சம் திறக்கும். அது உண்மையாக இருந்தால் மட்டும்.

அசல் சோதனைக்கு முன் அலுவலக நண்பர் ஒருவரோடு ஒத்திகை பாருங்கள். உங்கள் வேலைத்தாளில் இருக்கும் பிழைகள் அங்கேயே வெளிப்படும்.

பயனர் மாட்டிக்கொண்டு தவிக்கும்போது உதவலாமா?

உடனே கூடாது. கை துறுதுறுக்கும். அந்தத் தவிப்பைப் பார்க்கத்தான் வந்திருக்கிறீர்கள். 'இப்போது என்ன செய்யலாம்?' என்று கேட்டால், 'நான் பக்கத்தில் இல்லை என்றால் என்ன செய்வீர்கள்?' என்று திருப்பிக் கேளுங்கள். ஆனால் அவர் முகம் சிவந்து, குரல் இறங்கினால் நிறுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். அந்த வேலை 'முடியவில்லை' என்று பதிவாகட்டும். ஒருவரை அவமானப்படுத்திப் பெறும் தரவு எதற்கும் உதவாது.

குழுவில் உள்ள டெவலப்பர்களைப் பார்வையாளர்களாகக் கூப்பிடுங்கள், ஆனால் வேறு அறையில் உட்கார வையுங்கள். அதே அறையில் இருந்தால் 'அது அங்கேதான் இருக்கு, பாருங்க' என்று ஒருவர் கத்தியே தீருவார்.

ஐந்து பேர் போதும் என்கிறார்களே, நிஜமா?

பாதி நிஜம். ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு பிரச்சினை ஒரு பயனரிடம் வெளிப்படும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று அவர்கள் பார்த்த திட்டங்களில் கிடைத்தது. அப்படியானால் ஐந்து பேரிடம் ஒருமுறைகூட வெளிப்படாமல் தப்பும் வாய்ப்பு ஐந்து 0.69-களை ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 16 சதவீதம். மீதி 84 சதவீதம் பிடிபடும். 'ஐந்து பேர்' என்ற மந்திரம் பிறந்தது இங்கேதான்.

இப்போது அந்த 31-ஐ 10 ஆக்கிப் பாருங்கள். பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் வரும் சிக்கல், ஐந்து பேரிடம் பிடிபடும் வாய்ப்பு 41 சதவீதம்தான். பெரிய தளங்களில், ஆளுக்கு ஒரு வழியில் நடக்கும் மென்பொருள்களில், நிலைமை இப்படித்தான் இருக்கும். 2001-இல் ஜாரெட் ஸ்பூல், வில் ஷ்ரோடர் இருவரும் இணையத்தளங்களுக்கு ஐந்து பேர் கிட்டக்கூட வராது என்று எழுதினார்கள்.

என் நடைமுறை இது: 15 பேருக்கு வாய்ப்பிருந்தால் ஒரே மூச்சில் 15 பேரைச் சோதிக்கமாட்டேன். ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து. முதல் ஐவர் தடுக்கி விழுந்த கல்லை எடுத்தால்தான் அதற்குப் பின்னால் இருக்கும் கல் தெரியும். பயனர்கள் இரண்டு வகை என்றால் (கணக்காளர், கிடங்குக்காரர் என்று வைத்துக்கொள்வோம்) வகைக்கு ஐந்து.

இன்னொன்று. சிக்கலைக் கண்டுபிடிக்க ஐந்து பேர் போதலாம், சதவீதம் சொல்லப் போதாது. ஐவரும் முடித்துவிட்டார்கள், ஆக வெற்றி 100 சதவீதம் என்று அறிக்கையில் எழுதாதீர்கள். உண்மையில் 100-க்கு 55 பேரால்தான் முடியும் என்ற நிலை இருந்தாலும், ஐந்து பேரும் முடித்துவிட 20-இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

பயனர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. அப்போது?

முதலில், நிஜமாகத் தேடினீர்களா என்று கேட்பேன். தேடியும் இல்லை என்றால் நிபுணர் பரிசீலனை இருக்கிறது. நீல்சனும் ரோல்ஃப் மோலிக்கும் 1990-இல் முன்வைத்த முறை: பொதுவான சில விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு திரை திரையாகக் குறை தேடுவது. இப்போது புழங்கும் பத்து விதிகள் 1994-இல் நீல்சன் செப்பனிட்டவை. 'அமைப்பு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று காட்டு', 'பயனரின் சொற்களில் பேசு', 'தவறு செய்தால் திரும்பி வர வழி வை' என்ற ரகம். நீல்சன் தன் திட்டங்களில் பார்த்த அளவில், தனி ஒருவர் கண்டுபிடிப்பது சராசரியாக 35 சதவீதம் குறைகளைத்தான். அதனால் மூன்று முதல் ஐந்து பேர், ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, பிறகு பட்டியலைச் சேர்க்க வேண்டும்.

இன்னொரு முறை, ஒரு வேலையைப் படி படியாக நடந்து பார்ப்பது. ஒவ்வொரு படியிலும் நான்கு கேள்வி: இந்த இடத்தில் இதைச் செய்ய வேண்டும் என்று பயனருக்குத் தோன்றுமா? அதற்கான பட்டன் கண்ணில் படுமா? அந்தப் பட்டன்தான் இதற்கு என்று புரியுமா? அழுத்திய பின் காரியம் நகர்ந்தது தெரியுமா? புதிதாக வருபவர் எங்கே சறுக்குவார் என்று பார்க்க இது நல்ல கருவி.

இரண்டுக்கும் ஒரே குறை. பயனருக்குத் தடையே இல்லாத இடத்தில் நிபுணர் தடை காண்பார். பயனர் உருண்டு விழும் இடத்தை, அவருடைய தொழில் தெரியாததால், கடந்து போய்விடுவார்.

செயற்கை நுண்ணறிவைப் பயனராக நடிக்கச் சொன்னால்?

வேலைத்தாளின் வாக்கியங்களைச் சரிபார்க்க, நிபுணர் பரிசீலனைக்கு முதல் பட்டியல் போட, பயன்படுத்துங்கள். நிஜப் பயனருக்குப் பதிலாக மட்டும் உட்கார வைக்காதீர்கள். அதற்குக் கண்ணாடி துடைக்க வேண்டியதில்லை. போன் அடித்துக் கவனம் சிதறாது. 14 வரி போனால் வலிக்காது.

ஒரே மென்பொருளை இரண்டு குழு சோதித்தால் ஒரே பட்டியல் வருமா?

வராது, இது இந்தத் துறையின் சங்கடமான உண்மை. மோலிக் 1998 வாக்கில் ஒரு பரீட்சை வைத்தார். ஒன்பது குழுக்கள், ஹாட்மெயில் என்ற ஒரே மின்னஞ்சல் சேவை, தனித்தனிச் சோதனை. மொத்தம் 310 குறைகள் வந்தன. அவற்றில் 75 சதவீதத்தை ஒரே ஒரு குழுதான் சொல்லியிருந்தது.

இதைக் கேட்டு 'அப்படியானால் சோதனையே வீண்' என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குறைகள் அவ்வளவு நிறைய இருக்கின்றன, எந்தக் குழுவின் வலையும் அதில் ஒரு மூலையைத்தான் அள்ளுகிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பட்டியல் முழுமையானது என்று மட்டும் யாருக்கும் சத்தியம் செய்யாதீர்கள்.

மேலாளருக்கு ஒரு எண் வேண்டுமாம்.

கொடுக்கலாம். ஜான் புரூக் 1986-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது 'சுருக்கமாக, கொஞ்சம் குத்துமதிப்பாக' அளக்கச் செய்த கருவி சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல், சுருக்கமாக சஸ். பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒற்றைப்படை வாக்கியங்கள் நல்லதைச் சொல்லும், இரட்டைப்படை வாக்கியங்கள் குறையைச் சொல்லும்.

கணக்கு இப்படி: ஒற்றைப்படையில் போட்ட மதிப்பெண்ணிலிருந்து 1-ஐக் கழிக்கவும். இரட்டைப்படையில் 5-இலிருந்து அந்த மதிப்பெண்ணைக் கழிக்கவும். எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கவும். ஒருவர் வரிசையாக 4, 2, 5, 1, 4, 2, 4, 2, 4, 3 என்று போட்டிருந்தால், ஒற்றைப்படைக்கு 16, இரட்டைப்படைக்கு 15, மொத்தம் 31. விடை 77.5.

இந்த 77.5 சதவீதம் இல்லை. பல மென்பொருள்களை அளந்து பார்த்ததில் சராசரி 68 பக்கம் நிற்கிறது. எனவே 68 என்றால் 'முதல் வகுப்பு' இல்லை, நடுவரிசை. எங்கே தவறு என்பதையும் சஸ் சொல்லாது. காய்ச்சலைச் சொல்லும், காரணம் சொல்லாது. தமிழில் கேட்கும்போது எதிர்மறை வாக்கியங்களில் தனிக் கவனம் வேண்டும். 'தேவையில்லாமல் சிக்கலாக இல்லை என்பதை ஏற்கவில்லை' என்கிற மாதிரி மொழிபெயர்ப்பைக் கண்டிருக்கிறேன். அதற்கு மதிப்பெண் போட எனக்கே தெரியாது.

இதோடு, வேலையை முடித்தவர்கள் எத்தனை பேர், நேரம் எவ்வளவு, தவறுகள் எத்தனை, உதவி கேட்டது எத்தனை முறை, இவற்றையும் எழுதி வையுங்கள். அந்த அம்மாவின் 5-க்கு 5 பக்கத்தில் '14 வரி இழப்பு' என்றும் இருக்கட்டும்.

இவ்வளவு செய்தால் அதுதானே பயனர் பங்கேற்பு?

இல்லை. இங்கேதான் பெரும்பாலோர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். நீங்கள் செய்ததைப் பயனரிடம் காட்டிச் சோதிப்பது ஒன்று. என்ன செய்வது என்று தீர்மானிக்கும் மேசையில் பயனருக்கு நாற்காலி போடுவது இன்னொன்று.

இரண்டாவதன் வேர் ஸ்காண்டிநேவியாவில், அதுவும் தொழிற்சங்கங்களில் இருக்கிறது. சிமுலா நிரலாக்க மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவரான கிறிஸ்டன் நீகார்ட், 1970-களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு வேலை செய்தார். தொழிற்சாலைக்குக் கணினி வருகிறது, அது எங்கள் வேலையை என்ன செய்யும் என்று தொழிலாளிகளே ஆராய வேண்டும் என்பதுதான் திட்டம். 1975-இல் அந்நாட்டின் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் சங்கமும் கணினி அமைப்புகள் பற்றி ஒப்பந்தமே போட்டன. கணினி வருவது தொழிலாளிக்கு முன்கூட்டித் தெரிய வேண்டும், அதில் அவருக்குப் பேச்சுரிமை வேண்டும் என்ற நிலை அப்படி உருவானது.

அடுத்தது 1981 முதல் 1985 வரை நடந்த உட்டோப்பியா திட்டம். ஸ்வீடன், டென்மார்க் ஆய்வாளர்களும் நார்டிக் அச்சுத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து, செய்தித்தாள் பக்கம் அமைக்கும் கணினிக் கருவியை வடிவமைத்தார்கள். தாளில் வரைபடமும் அம்புக்குறியும் போட்டு விளக்கியபோது அச்சுக் கலைஞர்கள் கொட்டாவி விட்டார்கள். அட்டையில், ஒட்டுப்பலகையில் பொய்க் கணினி செய்து மேசைமேல் வைத்ததும் ஆளே மாறிப்போனார்கள். வெற்று அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் 'மேசை லேசர் பிரிண்டர்' என்று எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே ஒன்றும் கிடையாது. ஆனால் அப்படி ஒரு பொருள் வந்தால் எங்கே வைப்போம், யார் தொடுவோம், ப்ரூஃப் யார் கைக்குப் போகும் என்று வேலையோடு வேலையாகப் பேச முடிந்தது. கை பழகிய தொழிலைப் பற்றிப் பேச, கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

காகிதத்தில் திரை வரைவது பழைய காலத்து வேலை இல்லையா? வரைவதற்கு அருமையான செயலிகள் இருக்கின்றனவே.

செயலியில் செய்த திரை முடிந்துபோன பொருள் மாதிரி பளபளக்கும். அதைப் பார்த்தவர் நிறத்தைப் பற்றிப் பேசுவார். பென்சிலால் கிறுக்கியதைப் பார்த்தவர் வேலையைப் பற்றிப் பேசுவார்.

அதே கையிருப்பு மென்பொருளுக்காகக் கிடங்கில் ஒரு மதியம் உட்கார்ந்தோம். சரக்கு வரவுத் திரையை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனித் துண்டாக வெட்டி வைத்திருந்தேன். என் வரிசை: பொருளின் பெயர், குறியீடு, வந்த தேதி, எண்ணிக்கை. தரவுத்தளத்தில் அந்த வரிசைதான். கிடங்குக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு 'எண்ணிக்கை' துண்டை இரண்டு விரலால் நகர்த்தி உச்சியில் வைத்தார். "முதல்ல எண்ணிருவேன் சார். பேரைத் தேடிட்டு இருந்தா எண்ணுனது மறந்துரும். பேரு எங்க போகப் போகுது, பெட்டி மேலயே ஒட்டியிருக்கு."

நாலு வாரம் பேட்டி எடுத்தும் எனக்கு இது கிடைக்கவில்லை. அவரும் ஒளித்து வைக்கவில்லை. கேட்டால் சொல்லத் தோன்றாத அளவுக்கு அது அவர் உடம்பில் ஊறிய விஷயம். துண்டுக் காகிதம் கைக்கு வந்தபோதுதான் வெளியே வந்தது.

பயனர்கள் வடிவமைப்பாளர்கள் இல்லையே. அவர்கள் கேட்பதை எல்லாம் செய்ய முடியுமா?

முடியாது, செய்யவும் கூடாது. 'இங்கே ஒரு சிவப்புப் பட்டன் வை' என்று ஒருவர் சொன்னால், பட்டனை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் இருக்கும் வலியைப் பிடியுங்கள். எப்போது அந்தப் பட்டன் தேவைப்பட்டது, கடைசியாக அப்படி நடந்த நாளில் என்ன ஆனது என்று கேளுங்கள். தொழிலில் அவர் நிபுணர், திரையில் நீங்கள் நிபுணர். இரண்டு பேரும் ஒருவர் கடையை ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் ஒரு கோரிக்கையை மறுத்தால் ஏன் என்று அவரிடமே சொல்ல வேண்டும். மூன்று கூட்டத்துக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு, ஏற்கனவே முடிவான திரையையே வெளியிடுகிறவர்கள் உண்டு. ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். நகரத் திட்டமிடலுக்காக வரைந்தது, நமக்கும் பொருந்தும். அதில் அடிப்படியின் பெயரே 'ஏமாற்று'.

யாரை அழைப்பது?

திரையைத் தொடப்போகிறவரை. அவருடைய மேலாளரை அல்ல. மேலாளர் வேலை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்வார். தொடுகிறவருக்குத்தான் அது எப்படி நடக்கிறது என்று தெரியும். இருவரையும் ஒரே அறையில் வைத்தால் தொடுகிறவர் வாயே திறக்கமாட்டார். தனித்தனியாக உட்காருங்கள்.

சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் ஆர்வக்காரரை மட்டும் அனுப்பி வைப்பார்கள், ஜாக்கிரதை. 'எனக்கு இந்தக் கணினியே பிடிக்காது' என்கிறவரையும் கேட்டு வாங்குங்கள். வருகிற நேரம் வேலை நேரமாகக் கணக்கில் வர வேண்டும். உணவு இடைவேளையைத் தின்று நடத்தும் பங்கேற்பு இரண்டாம் கூட்டத்தோடு செத்துவிடும்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், கை நடுக்கம் உள்ளவர்களைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாமா?

கூடாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 நிறமாறுபாடு, தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் என்றெல்லாம் இணைய அணுகல் வழிகாட்டுதல் சொல்கிறது (24 பிக்சல் விதி 2023-இல் வந்த 2.2 பதிப்பில் சேர்ந்தது). இவற்றைக் கருவி வைத்து அளந்துவிடலாம். ஆனால் திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் வழியாக ஒரு படிவத்தைக் கேட்கும்போது 'பட்டன், பட்டன், பட்டன்' என்று மட்டும் வருவது எப்படி இருக்கும் என்பதை, அதைத் தினமும் கேட்கிறவர் பக்கத்தில் ஒருமுறையாவது உட்கார்ந்தால்தான் தெரியும்.

மொழிபெயர்த்த இடைமுகத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டுமா?

கட்டாயம். ஆங்கிலத்தில் தேறிய திரை தமிழில் தோற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். 'சமர்ப்பிக்கவும்' பட்டனுக்குள் அடங்காமல் 'சமர்ப்பிக்...' என்று நிற்கும். 'அனுப்பு' என்றால் அடங்கும், புரியவும் செய்யும். வரி உயரம் போதாமல் 'கீ'யின் மேல்சுழி நறுக்கப்படும்.

எனக்குப் பிடித்த உதாரணம் இது. 'ஆர்டரை ரத்து செய்யவா?' என்று ஒரு பெட்டி. கீழே இரண்டு பட்டன்: 'ரத்து செய்', 'சரி'. எதை அழுத்தினால் ஆர்டர் ரத்தாகும்? நான் கேட்டவர்களில் பாதிப் பேர் ஒன்றைச் சொன்னார்கள், பாதிப் பேர் மற்றதை. 'ஆம், ரத்து செய்', 'வேண்டாம், இருக்கட்டும்' என்று மாற்றிய பிறகு ஒருவரும் தயங்கவில்லை.

கண்டுபிடித்தது 60 குறை. சரிசெய்ய நேரம் பத்துக்குத்தான்.

எத்தனை பேருக்கு வருகிறது, வந்தால் எவ்வளவு கெடுக்கிறது, ஒருமுறை பட்டால் கற்றுக்கொள்வார்களா அல்லது ஒவ்வொரு முறையும் விழுவார்களா? இந்த மூன்றையும் வைத்து 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுங்கள். குறைந்தது மூன்று பேர் தனித்தனியாகப் போட்டுச் சராசரி எடுங்கள். 4 வாங்கியது இருக்கும்வரை வெளியிடாதீர்கள். எளிதாகத் திருத்தக்கூடியதை முதலில் திருத்தும் ஆசை வரும், அதை அடக்குங்கள்.

ஒரு பட்டன், ஒரு பிழைச்செய்தி. இதற்கா இவ்வளவு பாடு?

தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தின் கதையைப் பார்ப்போம். 1985-க்கும் 1987-க்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேருக்கு அது அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. குறைந்தது மூன்று பேர் இறந்தார்கள். 1986-இல் டெக்சாஸின் டைலர் நகரில், இயக்குபவர் எலக்ட்ரான் சிகிச்சைக்குப் போட வேண்டிய எழுத்துக்குப் பதில் எக்ஸ்-ரே எழுத்தைப் போட்டுவிட்டார். கவனித்து, மேல் அம்புவிசையால் போய் மாற்றினார். கை வேகமானது, சில நொடிகளில் முடித்துவிட்டார். அந்தச் சில நொடிக்குள் செய்த திருத்தம் இயந்திரத்தின் உள்ளே முழுதாகப் போய்ச் சேரவில்லை. திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது. அப்படியென்றால் என்ன என்று திரையிலும் இல்லை, கையேட்டிலும் விளக்கம் இல்லை. அந்த இயந்திரம் ஒரு நாளில் பலமுறை இப்படி நிற்பது வழக்கம். தொடர ஒரே ஒரு விசை, 'பி'. அதை அழுத்தினார்.

மூலப் பிழை நிரலில் இருந்தது. முந்தைய மாதிரிகளில் இருந்த வன்பொருள் தடுப்புகளை எடுத்துவிட்டதும் சேர்ந்துகொண்டது. ஆனால் பொருள் சொல்லாத எண்ணும், ஆபத்தையும் அற்பத்தையும் ஒரே மாதிரி காட்டிய திரையும், 'தொடர்' என்று பழக்கிய அந்த ஒற்றை விசையும் இடைமுகத்தின் பங்கு.

எப்போது ஆரம்பிப்பது?

நிரல் எழுதுவதற்கு முன். ஜான் கூல்டும் கிளேட்டன் லூயிஸும் 1985-இலேயே சொன்னது: ஆரம்பத்திலிருந்தே பயனரைப் பார், அளந்து பார், திருத்தித் திருத்திச் செய். தாமதமாகிவிட்டது என்றால் இன்றைக்கு ஆரம்பியுங்கள்.

சோதனையில் எடுத்த வீடியோவை என்ன செய்வது?

எடுப்பதற்கு முன்பே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்: யார் பார்ப்பார்கள், எதற்கு, எத்தனை நாள் இருக்கும். சம்மதிக்காதவரைச் சோதனையிலிருந்து விலக்காதீர்கள். குறிப்பு மட்டும் எடுங்கள். நடுவில் எழுந்து போகவும், பிறகு போன் செய்து 'அழித்துவிடுங்கள்' என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. அவருடைய மேலாளர் கேட்டால் கொடுக்காதீர்கள், எவ்வளவு நயமாகக் கேட்டாலும். குழுவுக்குக் காட்ட வேண்டுமென்றால் முகம் தெரியாமல் திரையையும் கையையும் மட்டும் வெட்டி எடுத்து, இரண்டு நிமிடத்துக்குள் காட்டுங்கள். நீங்கள் குறித்த தேதி வந்ததும் அழித்துவிட்டு, அழித்ததாக அவருக்கு ஒரு வரி அனுப்புங்கள்.